கண்டக்டர் நிறுத்தச் சொன்ன பாட்டு

போன மாதம் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு ஒரு தனியார் பஸ்ஸில் போனேன். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு என்று நின்று நின்று போகிற பஸ். நாற்பது கிலோமீட்டருக்குள்தான் தூரம். ஆனால் சாவகாசமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

ஏறி உட்கார்ந்ததிலிருந்து பாட்டு. டிரைவர் தலைக்கு மேலே ஒரு ஸ்பீக்கர், பின்னால் இரண்டு. சினிமாப் பாட்டு இல்லை. ஒரு சாதியின் பெருமையைப் பாடுகிற பாட்டு. எந்தச் சாதி என்று நான் சொல்லத் தேவையில்லை. சாதிப் பெயரை அந்தப் பாட்டே நிமிடத்துக்கு மூன்று தடவை சொன்னது. நம்ம ரத்தம், நம்ம வம்சம், நாம ஆண்ட மண், எதிர்த்தவன் என்ன ஆவான் என்கிற வகையறா. பஸ்ஸில் ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. டிக்கெட் எடுத்தார்கள், தூங்கினார்கள், வெள்ளரிக்காய் வாங்கித் தின்றார்கள்.

விக்கிரவாண்டியில் மூன்று கல்லூரிப் பையன்கள் ஏறினார்கள். கடைசி சீட்டுக்குப் போய் ஒருத்தன் செல்போனில் ஒரு பாட்டைப் போட்டான். டிரம்ஸும் கிட்டாரும் பறையும் சேர்ந்த பாட்டு. இட ஒதுக்கீட்டைப் பற்றியது. 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற இசைக் குழுவின் 'கோட்டா' பாட்டு.

அரை நிமிடம் ஓடியிருக்கும். கண்டக்டர் திரும்பினார்.

"தம்பி, அந்த சாதிப் பாட்ட நிறுத்துப்பா. லேடீஸ்லாம் இருக்காங்க. எதுக்கு வம்பு?"

பையன் நிறுத்திவிட்டான். மேலே ஸ்பீக்கரில் வம்சப் பெருமை பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

இதில் எனக்கு உறைத்தது கண்டக்டர் சொன்னது அல்ல. அவர் கெட்டவர் இல்லை. உண்மையாகவே வம்பு வேண்டாம் என்று நினைத்துத்தான் சொன்னார். உறைத்தது வேறு. அந்த பஸ்ஸில் இருந்த நாற்பது பேரில் ஒருவருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை. நாற்பதில் ஒருவன் நான். நானும் வாயைத் திறக்கவில்லை. பத்திரிகையில் பக்கம் பக்கமாக எழுதுகிறவன், ஒரு வாக்கியம் பேசாமல் திண்டிவனத்தில் இறங்கி டீ குடித்துவிட்டுப் போய்விட்டேன். அந்தக் கடனைத்தான் இந்த வாரம் அடைக்கிறேன்.

*

முதலில் அந்தக் குழுவைப் பற்றி, தெரியாதவர்களுக்காக. இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கியது. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி. கானா பாடுகிறவர்கள், ராப் பாடுகிறவர்கள், பறை அடிக்கிறவர்கள், கிட்டார் வாசிக்கிறவர்கள் என்று 19 பேர் கோட்டு போட்டுக்கொண்டு மேடையில் நின்றார்கள். அயோத்திதாசப் பண்டிதர் 'சாதியற்ற தமிழர்' என்று பேசினாரே, அதிலிருந்து எடுத்த பெயர்.

அந்தக் கோட்டைக் கவனியுங்கள். இதே வட மாவட்டங்களில், 2012-13-ல் என்ன பேச்சு நடந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? ஜீன்ஸ் பேண்ட், டி-ஷர்ட், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு தலித் பையன்கள் நம் பெண்களை மயக்குகிறார்கள் என்று மருத்துவர் ராமதாஸ் ஊர் ஊராகச் சொன்னார். ஒருத்தன் பேண்ட் போட்டால் அது சதி என்று நம்பவைக்க முடிந்த காலம் அது. அதற்குச் சில வருடம் கழித்து 19 பேர் கோட்டு போட்டு மேடை ஏறினால், பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே பாதி சொல்லியாகிவிட்டது.

அவர்கள் பாட்டில் என்ன இருக்கிறது? அம்பேத்கர் இருக்கிறார். மாட்டுக்கறி இருக்கிறது. மெட்ராஸ் இருக்கிறது. கையால் மலம் அள்ளுகிற கொடுமை இருக்கிறது. தாத்தாவுக்குக் கிடைக்காத பள்ளிக்கூடம் பேரனுக்கு எப்படிக் கிடைத்தது என்கிற கதை இருக்கிறது. எங்களுக்கும் இடம் உண்டு என்கிற நம்பிக்கை இருக்கிறது. எங்கள் வம்சம் உசத்தி, எதிர்த்தால் வெட்டுவோம் என்ற வரி இல்லை.

இதுதான் 'சாதிப் பாட்டு' என்று நிறுத்தப்படுகிறது.

*

"சாதி இருக்கு, சாதி இருக்குன்னு இவங்க பாடறதாலதான் சார் சாதி வளருது. மறந்து போனதை ஏன் கிளறணும்?"

இந்தக் கேள்வியை நான் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். நீங்களும் கேட்டிருப்பீர்கள். சிலர் கேட்டும் இருப்பீர்கள்.

யார் மறந்தார்கள் என்பதுதான் என் பதில் கேள்வி.

2023 ஏப்ரலில் விழுப்புரம் பக்கத்து மேல்பாதி கிராமத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் உள்ளே போன தலித் இளைஞர்களை அடித்தார்கள். ஜூன் மாதம் அதிகாரிகள் கோயிலைப் பூட்டி சீல் வைத்தார்கள். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மார்ச்சில் பூசைக்கு மட்டும் திறந்தார்கள். 2025 ஏப்ரலில்தான், போலீஸ் காவலோடு, தலித் மக்கள் உள்ளே போய்க் கும்பிட முடிந்தது. ஒரு சாமியைக் கும்பிட இரண்டு வருடம், ஒரு கோர்ட், ஒரு பட்டாளம் போலீஸ். இதில் மறந்து போனது எது?

நம் பஸ் ஸ்டாப்புகளில் 'காலனி ஸ்டாப்' என்று கண்டக்டர் குரல் கொடுப்பார். எந்த ஊருக்குப் போனாலும் ஊர் தனி, காலனி தனி. 'காலனி' என்ற சொல்லையே அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் ஸ்டாலின் சட்டசபையில் அறிவித்தது 2025 ஏப்ரலில். மறந்துபோன விஷயத்துக்கா அறிவிப்பு?

சாதியை யாரும் மறக்கவில்லை. சத்தமில்லாமல் நடந்தால் அது வழக்கம். வாய்விட்டுச் சொன்னால் அது வம்பு. இவ்வளவுதான் வித்தியாசம்.

*

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நான் பி.காம். படித்தவன். இந்த வட்டாரத்துக் கல்லூரிதான். ஆண்டுவிழாக் கமிட்டியில் கணக்கு எழுதுகிற வேலை எனக்கு. என் வகுப்பில் ஒருவன் அற்புதமாகப் பறை அடிப்பான். அவன் அப்பா, தாத்தா எல்லோரும் அடித்தவர்கள். விழாவில் வாசிக்கிறேன் என்று கேட்டான். கமிட்டியில் சிரித்தார்கள். "அது சாவு மேளம்டா, நல்ல நாள்ல அடிப்பாங்களா?" அதோடு முடிந்தது. பாண்டிச்சேரியிலிருந்து ஒரு மெல்லிசைக் குழுவைக் கூப்பிட்டோம். அட்வான்ஸ் கொடுத்து, வேன் வாடகை கொடுத்து, டிபன் வாங்கிக் கொடுத்து. வவுச்சரில் எழுதியது நான். சும்மா வாசிக்கிறேன் என்றவனை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பணம் கொடுத்து வேறு ஆளைக் கூப்பிட்ட செலவு என் கையெழுத்தில் இருக்கிறது.

அவன் அன்று வந்தான். கடைசி வரிசையில் நின்று கைதட்டினான்.

நாங்கள் முதல் வருடத்தில் மனப்பாடம் செய்த விதி ஒன்று உண்டு. பெறுபவர் கணக்கில் பற்று வை, கொடுப்பவர் கணக்கில் வரவு வை. கொடுத்தவன் பெயரை எழுதாமல் எவனாவது பேரேட்டை முடித்தால் வாத்தியார் நோட்டைத் தூக்கி எறிவார். ஆனால் பாட்டு விஷயத்தில், உழைப்பு விஷயத்தில், கொடுத்தவன் பெயரை எழுதாமலேயே இந்தச் சமூகம் நூற்றாண்டுகளாகக் கணக்கை முடித்துக்கொண்டிருக்கிறது. யாரும் நோட்டைத் தூக்கி எறியவில்லை.

*

கணக்கு என்று வந்துவிட்டதால் கோட்டா கணக்கையும் பார்த்துவிடலாம்.

தமிழ்நாட்டில் இட ஒதுக்கீடு மொத்தம் 69 சதவீதம். பிற்படுத்தப்பட்டோருக்கு 30. மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினருக்கு 20. பட்டியல் சாதியினருக்கு 18. பழங்குடியினருக்கு 1. கூட்டிக்கொள்ளுங்கள். 69-ல் 50 தலித்தோ பழங்குடியோ அல்லாதவர்களுக்கு.

இப்போது கண்ணை மூடிக்கொண்டு 'கோட்டா' என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் மனசில் வருகிற முகம் யாருடையது? அந்த 50-ல் இருக்கிறவன் முகமா, 19-ல் இருக்கிறவன் முகமா?

அந்த 20 சதவீதம் எப்படி வந்தது? 1987 செப்டம்பரில் வன்னியர்கள் ஒரு வாரம் சாலை மறியல் செய்தார்கள். இதே ஜி.எஸ்.டி. ரோட்டில் மரங்கள் விழுந்தன, வண்டிகள் நின்றன. துப்பாக்கிச் சூட்டிலும் தாக்குதலிலும் 21 பேர் உயிர் விட்டார்கள். 1989-ல் 20 சதவீத ஒதுக்கீடு வந்தது. அந்த 21 பேருக்கு விழுப்புரத்தில் மணிமண்டபம் கட்டி 2025 ஜனவரியில் திறந்தார்கள். நல்லது. கட்ட வேண்டியதுதான். ஏழை விவசாயியின் பிள்ளை காலேஜுக்குப் போக வேண்டும் என்று செத்தவர்கள் அவர்கள்.

அப்படியானால் அந்த 'கோட்டா' பாட்டு யாருடைய பாட்டு? அந்த 21 பேரின் பேரனுக்கும் சேர்த்துப் பாடிய பாட்டு இல்லையா? இட ஒதுக்கீடு பிச்சை இல்லை, உரிமை என்று சொல்கிற பாட்டைக் கேட்டு முதலில் கைதட்ட வேண்டியவன் மேலே ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்த பாட்டின் ரசிகன்தானே? அவனைத்தான் 'அது அவங்க பாட்டு' என்று நம்பவைத்திருக்கிறார்கள். அவன் பசிக்குப் பாடினால் எதிரி, அவன் மீசைக்குப் பாடினால் சொந்தம். இந்த ஏமாற்று வேலையில் லாபம் யாருக்கு என்று அந்தப் பையன் ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அவனுக்கு இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

*

2021 மார்ச்சில் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தது. கேஸ்ட்லெஸ் கலெக்டிவில் பாடிய அறிவு எழுதி, தீயோடு சேர்ந்து பாடியது. சந்தோஷ் நாராயணன் இசை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளை நினைத்து எழுதியதாக அறிவு சொன்னார். உழைத்தவனுக்கு நிலம் இல்லாமல் போன கதை அது. கல்யாண வீட்டில், காலேஜில், காரில், குழந்தைகள் பிறந்தநாளில் எல்லாம் அந்தப் பாட்டுக்கு ஆடினோம். 'என் சாமி' என்ற சொல் அப்படி ஒரு சொல். அம்மா பிள்ளையைக் கொஞ்சும்போதும் சொல்வாள், கூலிக்காரர் ஆண்டையின் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டும் சொல்வார்.

இரண்டே மாதம். 2021 மே. நம் விழுப்புரம் மாவட்டம், திருவெண்ணெய்நல்லூர் பக்கத்தில் ஒட்டனந்தல். தலித் மக்கள் தங்கள் கோயில் திருவிழாவில் ஒரு பாட்டுக் கச்சேரி வைத்தார்கள். கொரோனா ஊரடங்குக் காலம். தப்புதான், மறுக்கவில்லை. அதற்குச் சட்டம் இருக்கிறது, அபராதம் இருக்கிறது, போலீஸ் இருக்கிறது. ஆனால் நடந்தது என்ன? ஊர்ப் பஞ்சாயத்தில் மூன்று முதியவர்களைக் காலில் விழவைத்தார்கள். கிழவர்கள் மண்ணில் கிடக்கிற அந்தப் படம் நாடு முழுக்கச் சுற்றியது. பிறகு வழக்கு, கைது எல்லாம் வந்தது.

அந்த ஊரடங்கில் எத்தனை வசதியான வீட்டுக் கல்யாணங்களில் ஆட்டம் பாட்டம் நடந்தது? யாராவது யார் காலிலாவது விழுந்தார்களா?

பாட்டியின் வலியைப் பாடினால் கோடிப் பேர் ஆடுகிறோம். பாட்டியின் சொந்தக்காரர்கள் தங்கள் தெருவில் ஒரு கச்சேரி வைத்தால் காலில் விழச் சொல்கிறோம். பாட்டு வேண்டும், பாடுகிறவன் வேண்டாம். இதுதான் நம் ரசனை.

*

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. 1976 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் எரிக் கிளாப்டன் என்கிற பெரிய ராக் கலைஞர் மேடையில் நின்றுகொண்டு, வெளியிலிருந்து வந்த கறுப்பர்களும் ஆசியர்களும் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று பேசினார். யார் இந்த கிளாப்டன்? கறுப்பர்களின் ப்ளூஸ் இசையை வாசித்துப் பெயர் வாங்கியவர். 1974-ல் ஜமைக்காவின் பாப் மார்லி பாட்டைப் பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்தவர். மார்லியின் பாட்டு வேண்டும், மார்லியின் சனங்கள் வேண்டாம். பல வருடம் கழித்து வெட்கப்படுவதாகச் சொன்னார் என்பது வேறு விஷயம்.

ஆனால் அங்கே அடுத்து என்ன நடந்தது என்று பாருங்கள். அவருடைய ரசிகர்களே கொதித்தார்கள். பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்கள். 'இனவெறிக்கு எதிராக ராக்' என்ற இயக்கம் பிறந்தது. 1978 ஏப்ரல் 30 அன்று லண்டன் விக்டோரியா பூங்காவில் பல பத்தாயிரம் இளைஞர்கள் கூடினார்கள். வெள்ளைக்காரக் குழுவும் கறுப்பர் குழுவும் ஒரே மேடையில் வாசித்தன.

அதே 1978. அதற்கு மூன்று மாதம் கழித்து, ஜூலையில், நம் விழுப்புரம் டவுனில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். காட்டுக்குள் இல்லை, கடைத்தெரு இருக்கிற ஊரில். அந்த 12 பேரின் பெயர் எந்த வெற்றிப் படத்தின் பாட்டிலும் இல்லை. இந்த மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த பையன்களைக் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேருக்கு அந்தச் சம்பவமே தெரியும் என்று. நான் பி.காம். முடிக்கும் வரை எனக்கும் யாரும் சொல்லவில்லை.

பாடாததால் மறந்தது. மறந்ததால் சாதி போய்விட்டதா?

*

பாட்டு பாடினால் சாதி ஒழிந்துவிடுமா என்று கேட்பீர்கள். ஒழியாது. அந்த அளவுக்கு நான் அப்பாவி இல்லை. மேல்பாதியில் கதவைத் திறந்தது பாட்டு இல்லை, கோர்ட் உத்தரவு. சட்டம், படிப்பு, நிலம், வேலை, இவைதான் அஸ்திவாரம்.

அதுமட்டுமில்லை, பாட்டு ஜெயித்த பிறகும் பாடினவனுக்குச் சேர வேண்டியது சேருவதில்லை. 2021-ல் ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் இந்தியப் பதிப்பு 'எஞ்சாயி எஞ்சாமி', 'நீயே ஒளி' பாட்டுகளின் வெற்றியைச் சொல்லி அட்டைப்படம் போட்டது. இரண்டையும் எழுதிய அறிவின் முகம் அதில் இல்லை. இரஞ்சித் பொதுவெளியில் கேள்வி கேட்ட பிறகு அறிவுக்குத் தனியாக டிஜிட்டல் அட்டை போட்டார்கள். 2022-ல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமல் அந்தப் பாட்டு பாடப்பட்டது. அவர் தன் ஆதங்கத்தை எழுதினார். சந்தோஷ் நாராயணனும் தீயும் அவரவர் தரப்பைச் சொன்னார்கள். யார் பங்கு எவ்வளவு என்ற தீர்ப்பு சொல்ல நான் வரவில்லை. பெயர் விடுபடும்போது விடுபடுகிற பெயர் எப்போதும் எந்தத் தெருவிலிருந்து வந்தது என்பதை மட்டும் பாருங்கள் என்கிறேன்.

பிறகு பாட்டு எதற்கு? கோர்ட் கதவைத் திறக்கும். உள்ளே போகிறவன் தலையை நிமிர்த்திக்கொண்டு போக வேண்டுமே, அதைக் கோர்ட் செய்யாது. 'சாவு மேளம்' என்று சிரித்த அதே பறையை இன்று பள்ளிக்கூட விழாக்களில் பெண் பிள்ளைகள் சலங்கை கட்டிக்கொண்டு அடிக்கிறார்கள். எந்த அரசாணையும் போட்டு வந்ததில்லை அது. கடந்த முப்பது நாற்பது வருடமாக தலித் கலை விழாக்களில், தெருமுனைகளில், வீம்பாக அடித்து அடித்துச் சம்பாதித்த மரியாதை. குழுவிலிருந்த இசைவாணி கானா பாடுகிற பெண். ஆண்களின் கோட்டையாக இருந்த பாட்டு அது. 2020-ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. இதுவும் பாட்டு செய்த வேலைதான்.

என் வகுப்புத் தோழனின் மகள் இப்போது காலேஜில் படிக்கிறாள். அவள் கல்லூரி ஆண்டுவிழாவில் பறை அடித்த வீடியோவை அவன் எனக்கு அனுப்பியிருந்தான். கூடவே ஒரு வரி: "மச்சான், இந்தத் தடவை வவுச்சர்ல எழுதிடு."

சிரிக்கத்தான் அனுப்பினான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

*

உங்களிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. ஊர்வலம் வர வேண்டாம், கையெழுத்துப் போட வேண்டாம். அடுத்த தடவை யாராவது ஒரு பாட்டை 'சாதிப் பாட்டு' என்று சொன்னால் ஒரு நிமிடம் நின்று கேளுங்கள். இந்தப் பாட்டு இன்னொருத்தனைக் கீழே தள்ளுகிறதா, கீழே கிடந்தவன் எழுந்திருக்கிற சத்தமா? இரண்டும் சத்தம்தான். இரண்டும் ஒன்றில்லை. இந்த வித்தியாசம் தெரிய சங்கீத ஞானம் தேவையில்லை.

நானும் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். அதே பஸ்ஸில் மறுபடி ஏறத்தான் போகிறேன். திண்டிவனத்தில் எனக்கு வேலை இருக்கிறது. கண்டக்டர் டிக்கெட் கொடுக்க வரும்போது சொல்லப்போகிறேன்:

"அண்ணே, மேல ஓடுதே, அதுதான் சாதிப் பாட்டு. அதை நிறுத்துங்க."